அடுப்போரத்து நாற்று

கொல்லிமலையில் மார்கழி மாதம் யாரும் விதை போடமாட்டார்கள். பனி இறங்கினால் பொழுது நன்றாக ஏறும் வரைக்கும் எதிர்வீடு தெரியாது. மண்ணைத் தொட்டால் விரல் விறைக்கும். அந்த மாதத்தில்தான் அத்தாயி வீட்டுக்குள்ளேயே காய்கறித் தோட்டம் போடக் கிளம்பினாள். மலையின் ஒரு பகுதியான வளப்பூர் நாட்டில், அவள் ஊரில் அப்போது வேறு பேச்சே இல்லை. அடுப்போரத்தில் வெள்ளாமை வைக்கிறாளாம் என்று தண்ணீர்க் குழாயடியில் சிரித்துக்கொண்டார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு இருந்த அவசரம் அவர்களுக்குத் தெரியாது. புருசன் குழந்தைசாமிக்குச் சர்க்கரை. மிளகு பறிக்க ஏறி இறங்கும் மனிதன் அவன். காலில் முள் ஏறியதே தெரியாமல் நடந்து திரிந்தான். தெரிந்தபோது கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது. நாமக்கல் ஆசுபத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று அங்கிருந்த டாக்டரம்மா அத்தாயியைத் தனியாகக் கூப்பிட்டார். "சோத்தையும் கெழங்கையும் கொறைச்சுட்டு காய்கறி நெறையக் குடுங்கம்மா. இல்லீன்னா அடுத்த தடவை வெரலோட நிக்காது" என்றார். குழந்தைசாமி அந்த நேரம் வாசலில் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பேச்சு அத்தாயி காதை விட்டுப் போகவில்லை. ஆனால் காய்கறிக்கு எங்கே போவது? மலையில் விளைவது சாமையும் குச்சிக்கிழங்கும் பலாவும். காய்கறி அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வண்டி ஏறி, வளைவு வளைவாகச் சுற்றி, வந்து சேரும்போது வதங்கிப் போயிருக்கும். மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் வராது. வெளியே விதைத்தால் பனி, பனிக்குத் தப்பினால் பன்றி. அதனால்தான் அடுப்போரம். அங்கே எப்போதும் கதகதப்பு இருக்கும். தை கழியும் வரை நாற்றை வீட்டுக்குள் வளர்த்து, மாசியில் தூக்கி வெளியே நட்டால் சித்திரையில் காய்க்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். யோசனை நல்ல யோசனைதான். அதில் ஒரு குறையும் இல்லை.

தக்காளி, கத்திரி, அவரை விதைகளைச் சந்தையில் வாங்கினாள். சுரைக்காய் விதையை மட்டும் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்த அவள் அக்கா பாவாயி கொடுத்தாள். விதையைத் தனியாகக் கொடுக்கவில்லை, குடுக்கையோடு கொடுத்தாள். "எடுத்துட்டுப் போ கண்ணு. சொரக்கா வெத உள்ள கெடக்குது. வெண்ணெயாட்டம் வேகுற காயி. வெதைய எடுத்துக்கிட்டு குடுக்கையத் திருப்பிக் குடுத்துரு" என்றாள்.

குடுக்கை என்றால் காய்ந்த சுரையின் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, விதை போட்டு அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடும் கூடு. புகை ஏறிய விதையைப் பூச்சி தொடாது. ஆனால் குடுக்கைக்கென்று வளர்க்கும் சுரை வேறு, குழம்புக்கு வளர்க்கும் சுரை வேறு. குடுக்கைச் சுரையின் ஓடு மரத்தைப் போலக் கெட்டியாக இருக்கும். உள்ளே இருப்பது பச்சைக் கசப்பு. மாடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதைத் தின்னக்கூடாது என்பது மலையில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். அத்தாயிக்கும் நன்றாகத் தெரியும்.

குடுக்கையைக் கவிழ்த்துத் தட்டியதும் பொலபொலவென்று விழுந்த விதைகளைச் சாம்பலில் புரட்டி, ஈரத்துணியில் முடிந்து, அரிசிப் பானைக்குள் வைத்து முளை கட்டினாள். தயிர் டப்பா, கொட்டாங்குச்சி, உடைந்த பிளாஸ்டிக் குடம் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் செம்மண்ணும் சாணியும் போட்டு ஊன்றினாள். அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. வெயில் எட்டிப் பார்த்தால் அத்தனையையும் வாசலுக்குத் தூக்கி வருவாள். பனி இறங்குவதற்குள் மறுபடி உள்ளே தூக்குவாள்.

குழந்தைசாமி கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். "என்னைப் பெத்தவகூட என்னைய இத்தனை தடவ தூக்கியிருக்க மாட்டா" என்பான்.

"உங்களுக்குத்தானுங்க இத்தனையும்" என்பாள் அவள்.

"எனக்கு எதுக்கு? காலைல ஒரு மொடக்கு நெலவேம்பு, சாயங்காலம் ஒரு மொடக்கு சிறுகுறிஞ்சான். அதுலயே சர்க்கரை ஓடிப்போயிரும். கசந்தாத்தான் அது எறங்கும் புள்ள."

கசப்பு என்றால் அவனுக்கு அப்படி ஒரு பக்தி. ஆசுபத்திரி மாத்திரை நாக்கில் கசக்கவில்லை என்பதற்காகவே அதன்மேல் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மலை முழுக்க மூலிகை கிடக்கும் ஊரில் பிறந்தவன், கசாயத்தை முகம் சுளிக்காமல் குடிப்பதை வீரமாக நினைத்தான். நாலு பேர் பார்க்கக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொள்வான். இந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சுரை முதலில் முளைத்தது. இரண்டு தடித்த இலை விரித்து ஜோராக நின்றது. அத்தாயிக்குத் தாங்கவில்லை, பார்க்கும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் விட்டாள். வீட்டுக்குள் வளரும் நாற்றுக்கு அது ஆகாது. ஒரு காலை பார்த்தால் தண்டு அடியில் நூலாக இளைத்து அத்தனையும் சாய்ந்து கிடந்தன. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. பாவாயியிடம் கேட்டனுப்பினாள். இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன், இனி அடுத்த காய்ப்புக்குத்தான் என்று பதில் வந்தது.

அப்போதுதான் அவள் இன்னும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அந்தக் குடுக்கையை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே என்னவோ சலசலத்தது. குச்சியை விட்டு நெம்பினாள். அடியில் ஒட்டிக் கிடந்த விதைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. காய்ந்த சக்கை அவற்றின்மேல் தோலாக ஒட்டியிருந்தது.

கழுவிக் காயவைத்து எடுத்து வைத்த விதையில் சக்கை ஏது? அந்தக் கேள்வி அவளுக்கும் வந்தது. உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, புகையிலும் ஈரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அடியில் கிடந்ததால் நன்றாகப் புகை ஏறிய விதை, இதுதான் கெட்டி என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். குடுக்கையைக் குடைந்தவர் யாரோ சோம்பேறி. உள்ளே இருந்ததை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் விட்டிருக்கிறார். அத்தாயி கையில் இருந்தது பாவாயி போட்டு வைத்த விதை இல்லை, குடுக்கையின் சொந்த விதை. வேண்டும் என்று நினைத்துவிட்டால் கண்ணுக்கு எதிரே இருப்பதும் தெரியாது. அவள் அதை முளை கட்டினாள்.

இந்த முறை தண்ணீரை அளந்து விட்டாள். நாற்று கிளம்பியது. முன்னதைவிட வேகமாக, கொழுகொழுவென்று கிளம்பியது.

தை மாதத்தில் வீட்டுக்குள் எலி புகுந்தது. விடிந்து பார்த்தால் தக்காளி நாற்று மொட்டையாக நின்றது. கத்திரியின் குருத்துகள் போயிருந்தன. அவரையைத் தோண்டி விதையையே தின்றிருந்தது. சுரையை மட்டும் ஒரு பல்கூடப் படாமல் விட்டிருந்தது. அத்தாயி கொட்டாங்குச்சியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, இது ராசியான செடிங்க. எலியே ஒதுங்கிப் போயிருக்குது" என்றாள். குழந்தைசாமியும் எழுந்து வந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினான். எலி எதற்காக ஒதுங்கும் என்று இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

மாசியில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் குழி எடுத்து நட்டாள். அவிழ்த்துவிட்ட கோழிகள் கீரைப் பாத்தியைக் கிளறி நாசம் பண்ணின. சுரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுத் திரும்பின. கொடி கொட்டகை ஓட்டின்மேல் ஏறிப் படர்ந்தது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். குழாயடியில் சிரித்த பெண்களே வந்து மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். அத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை.

பங்குனி கடைசியில் முதல் பிஞ்சு இறங்கியது. அந்த ஊரில் முதல் காயை அறுக்க மாட்டார்கள். அதற்கு ஒரு துணியைக் கட்டி, விதைக்காயாகக் கொடியிலேயே முற்ற விட்டுவிடுவார்கள். அத்தாயியும் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினாள். அதை மட்டும் அறுத்துக் குழம்பு வைத்திருந்தால் ஒரு வாய் வைத்ததும் துப்பியிருப்பார்கள், ஒரு சட்டிக் குழம்போடு எல்லாம் முடிந்திருக்கும். நல்ல வழக்கம்தான். அன்றைக்கு அது அவளுக்குத் துணை நிற்கவில்லை.

அடுத்த காயைக் குரங்கு பறித்தது. கூரைமேல் உட்கார்ந்து ஒரு கடி கடித்தது. கடித்த வேகத்தில் வாயிலிருந்ததை உமிழ்ந்துவிட்டுக் காயை முற்றத்தில் வீசி எறிந்தது. கையைக் கூரையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது. "திங்கத் தெரியாத சனியன், பாழ்பண்ணிட்டுப் போகுது பாரு" என்று அத்தாயி கல்லை எடுத்து வீசினாள். கடிபட்ட காயை மாட்டுக்குப் போட்டாள். சாயங்காலம் சாணி அள்ளப் போனபோது அது போட்ட இடத்திலேயே கிடந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தாள். அதற்குள் குழந்தைசாமி உள்ளேயிருந்து வெந்நீர் கேட்டுக் கூப்பிட்டான். குப்பையில் எறிந்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது காய் கை நீளத்துக்கு வளர்ந்து தொங்கியது. வெள்ளிக்கிழமை அறுத்துப் பருப்புப் போட்டுக் கடையலாம் என்று அத்தாயி சொல்லி வைத்திருந்தாள். குழந்தைசாமிக்கு அதுவரை பொறுக்கவில்லை. போனில் யாரோ ஒரு மகராசன், சுரைக்காயைப் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை இருந்த இடம் தெரியாது என்று பேசியதைக் கேட்டிருந்தான். வியாழக்கிழமை காலை அத்தாயி நூறு நாள் வேலைக்குப் போனதும் கொடியடிக்கு நொண்டிக்கொண்டு போனான். காயை அறுத்தான். இலவச மிக்சியில் போட்டு அரைத்துத் துணியில் பிழிந்தான். சொம்பு நிறைய வந்தது.

முதல் வாயிலேயே கசப்பு மண்டையில் ஏறியிருக்கும். வேறு யாராக இருந்தாலும் கீழே ஊற்றியிருப்பார்கள். குழந்தைசாமிக்கோ அப்போதுதான் நம்பிக்கை வந்தது. நிலவேம்பெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்று நினைத்தானாம். கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் குடித்தான். இதை அவனே பின்னால் சொன்னான்.

மத்தியானச் சோற்றுக்கு வந்த அத்தாயி, வாசலில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கொல்லைக்கும் பலமுறை போய் வந்திருந்தான்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

அவன் அந்த நிலையிலும் சிரித்தான். "பயப்படாத புள்ள. மருந்து வேலை செய்யுது. உள்ள இருக்கற சர்க்கரையெல்லாம் வெளிய வருது. பேதிக்குக் குடிச்சா இப்பிடித்தான் இருக்கும்."

"என்ன மருந்துங்க?"

"நம்ம சொரக்காதான். என்ன கசப்புங்கற! சொல்லி மாளாது."

அத்தாயி உள்ளே ஓடினாள். சொம்பின் அடியில் கொஞ்சம் பச்சையாகத் தங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். தொண்டை வரைக்கும் இழுத்துப் பிடித்தது. எலியும் கோழியும் மாடும் தொடாததன் காரணமும், விதைமேல் ஒட்டியிருந்த அந்தச் சக்கையும் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டன. வாசலுக்கு ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"ஏனுங்க, அது குழம்புக் காயில்லீங்க. குடுக்கைக் காயி. வெத மாறிப்போச்சுங்க. நான்தான் மாத்திப் போட்டுட்டேன். ஆசுபத்திரிக்குப் போலாம், எந்திரீங்க."

"அட போ. நீ கையில வெச்சு வளத்த செடி என்னையக் கொல்லுமா? இன்னும் ரெண்டு தடவ வந்தா வயிறு சுத்தமாயிரும்" என்றான். அவள் எவ்வளவோ கெஞ்சினாள். காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கட்டிலில் போய்ப் படுத்தவன் எழ மறுத்தான். மனிதனின் பிடிவாதம் அப்படி. நல்லதைச் சொன்ன டாக்டரம்மாவை நம்பாதவன், வயிற்றை அறுத்துக்கொண்டிருந்த நஞ்சை நம்பினான். கை கால் சில்லிட்டு வந்தது. அடுத்த வாந்தியில் இரத்தம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவன் வாய் அடங்கியது.

பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கீழே புறப்பட்ட, அதே ஊர்ச் சதீஷ்குமாரின் பிக்கப் வண்டியை அத்தாயி ரோட்டின் குறுக்கே நின்று மறித்தாள். பழத்தை இறக்கிவிட்டுக் குழந்தைசாமியை ஏற்றினார்கள். மலைமேலேயே இருக்கும் செம்மேட்டு ஆசுபத்திரியில் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, உடனே கீழே கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்சில் அனுப்பினார்கள். வளைவுக்கு வளைவு அவன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. அத்தாயி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் விழித்திருக்கிறானா என்று தெரியவில்லை. கூப்பிட்டால் சில முறை முனகினான், சில முறை அதுவும் இல்லை. வெளியே மேகம் ரோட்டை மூடியிருந்தது. டிரைவர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இறங்கினார். சாமி, நான் வளர்த்ததெல்லாம் இதோடு போகட்டும், இந்த உயிரை மட்டும் விட்டுவிடு என்று அவள் எந்தச் சாமியிடம் என்று இல்லாமல் வேண்டிக்கொண்டு வந்தாள்.

நாமக்கல்லில் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. "நான் போட்ட வெதைங்க. வெசக் காயி. தெரியாமப் போட்டுட்டேனுங்க" என்றாள். அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் உள்ளே போனார். அந்தப் பார்வைக்கு அவள் தலை குனிந்து நின்றாள். பிழைப்பானா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்ற ஒரு சொல்லைத் தவிர யாரும் வேறு சொல்லவில்லை.

பிழைத்தான். பாதி உடம்பாகி, பேச்சு மெலிந்து வந்தவனை, தை மாத நாற்றைத் தூக்குவது போல நாலு பேர் தாங்கிக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். அதற்கு முன்பே பாவாயி வந்து கொடியை வேரோடு பிடுங்கி, துணி கட்டிய காயோடு சேர்த்துத் தீ வைத்திருந்தாள். தன் குடுக்கையால் வந்த வினை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பார்க்க வந்தவர்களிடம் குழந்தைசாமி அத்தாயியை ஒரு வார்த்தையில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. "என் நாக்குக்குத்தான் புத்தியில்ல. அவ என்ன பண்ணுவா? அவ மட்டும் வண்டிய மறிக்கலீன்னா நான் இன்னிக்கு இல்ல" என்றான். அத்தாயி அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அவனுக்குச் சாமைச் சோறும் முருங்கைக்கீரையும் போட்டு வைத்தாள். அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினான். பலா எப்படிக் காய்த்திருக்கிறது என்று கேட்டான். கை மட்டும் தட்டில் இறங்கவில்லை.

"ஆறிப்போகுதுங்க, உண்ணுங்க."

"நீயும் கொண்டாந்து ஒக்காரு புள்ள. ரெண்டு பேரும் சேந்து உண்ணலாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவன் உண்டு எழுந்த பிறகுதான் அவள் உண்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டு வைத்து உட்கார்ந்ததில்லை. சாவின் வாசல் வரை போய் வந்ததில் மனிதனுக்கு மனம் இளகியிருக்கிறது என்று நினைத்தாள். வெட்கமாகக்கூட இருந்தது. ஓடிப்போய்த் தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

அவன் அப்போதும் உண்ணவில்லை. அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து மென்று விழுங்கினாள். நிமிர்ந்தபோது அவன் கண் அவள் தொண்டையில் இருந்தது. அவள் விழுங்கியதும் பார்வையைத் தட்டுக்கு இறக்கி, சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். மழை, பலா என்று பழையபடி பேச்சும் வந்தது.

அத்தாயி அடுத்த கவளத்தை உருட்டித் தட்டிலேயே வைத்தாள். கேட்கலாம்தான். கேட்டால், அட பைத்தியக்காரி, அப்படியெல்லாம் இல்லை என்பான். அவனுக்கே அது தெரியாமலும் இருக்கலாம். ராத்திரிச் சோற்றுக்கும் கூப்பிட்டான், மறுநாளும் கூப்பிட்டான். பார்த்த பாவாயி, இந்த வயதில் இத்தனை ஆசையா என்று கேலி பண்ணிவிட்டுப் போனாள். அத்தாயி சிரித்தாள். இப்போதெல்லாம் அவன் கூப்பிடுவதற்கு முன்பே அவள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். முதல் கவளத்தை அவன் நன்றாகப் பார்க்கும்படி எடுத்து வாயில் போட்டு விழுங்குகிறாள். பிறகு அவன் உண்கிறான்.